மாதம் தப்பி வந்த பன்றிக்கால்

"இந்தச் சட்டியில வெடிகுண்டு எதுவும் இல்லையே?" என்றான் பெக்-ஹாய்.

"அதைவிட மோசம் தம்பி," என்றார் வந்தவர். "பன்றிக்கால்."

கடிகார ரிப்பேர் கடையின் மாடியில் இருந்தது லியாவ் துப்பறியும் நிலையம். தைவானின் தைனான் நகரத்து ஆகஸ்ட் வெயில் தகரக் கூரையில் இறங்கி மேசை வரைக்கும் வந்துவிட்டிருந்தது. மின்விசிறி சுற்றியது என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. அந்தப் புழுக்கத்தில் உதவியாளன் பெக்-ஹாய்க்குக் காலையிலிருந்து சாப்பாட்டு நினைப்பே வரவில்லை. சட்டி மூடியைத் திறந்தார்கள் பாருங்கள், வந்தே விட்டது.

வந்தவர் ஓங் தியென்-லாய். வயது ஐம்பத்தெட்டு. கால்வாய் ஓரத்தில் பால்கெண்டைக் கஞ்சிக் கடை. முப்பது வருஷமாக ஒரு நாள் கூட மூடாத கடையை இன்று மூடிவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"என் பெண்டாட்டி கியோக் பெட்டி கட்டிட்டா, லியாவ் அம்மா. நாலு இருபது ரயில். காவ்சியுங்கில அவ தம்பி வீடு. அவ போனா போனதுதான். வாயால சொல்லிட்டு மாத்தினதே கிடையாது அவ."

"காரணம்?" என்றாள் லியாவ் சூ-கிம். நாற்பத்தாறு வயது, ஒட்ட வெட்டிய தலை, எப்போதும் பாதி மூடிய கண்கள். தூங்குகிறாள் என்று நம்பி உளறியவர்கள் எட்டுப் பேர் இப்போது சிறையில் இருக்கிறார்கள்.

ஓங் ஒரு சிவப்புத் தாளை நீட்டினார். பெக்-ஹாய் வாங்கி உரக்கப் படித்தான். "அப்பாவுக்கு நீண்ட ஆயுள். இப்படிக்கு, மகள்."

"எங்களுக்கு ரெண்டே பசங்க," என்றார் ஓங். "பெரியவன் மீன்பிடிக் கப்பல்ல. சின்னவன் பட்டாளத்துல. பொண்ணே கிடையாது. இன்னிக்குக் காலையில ஆறரை மணிக்கு அவ கதவைத் திறக்கறா, வாசல்ல இந்தச் சட்டி, மேல இந்தத் தாள். 'முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்திட்டு, எங்கேயோ ஒரு பொண்ணை வளர்த்து வச்சிருக்கியா யோவ்?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஐயோ! இல்லைன்னு கூடவா சொல்லல?" பெக்-ஹாய் தலையில் கை வைத்தான். "ஐயா, நான் பஸ் கண்டக்டரா இருந்தப்ப டிக்கெட் வாங்காதவன் கூட வாங்கிட்டேன்னு சொல்லுவான்."

ஓங் தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்திருந்தது. வெட்கமா, வெயிலா என்று பெக்-ஹாயால் சொல்ல முடியவில்லை.

லியாவ் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கறுத்துப் பளபளக்கும் ஒரு பன்றிக்கால். சிவப்பு நூல் கட்டிய நூடுல்ஸ் சுருள் ஒன்று. சிவப்புச் சாயம் பூசிய முட்டை ஒன்று.

"பெக்-ஹாய், இன்னிக்கு என்ன தேதி?"

"ஆகஸ்ட் இருபத்தெட்டு."

"அது ஆபீஸ் தேதி. வீட்டுத் தேதி, சந்திரக் கணக்குல?"

"ஏழாம் மாசம் அஞ்சு." சொல்லிவிட்டுத்தான் அவனுக்கே உறைத்தது. "அட! ஆவிங்க மாசம்!"

"ஆமா. கூடுதல் மாசம் வர்ற வருஷத்துல கல்யாணமான பொண்ணு பெத்தவங்களுக்குப் பன்றிக்காலும் நூடுல்ஸும் கொண்டு போகணும். பெத்தவங்க ஆயுசு கெட்டியாகும். இந்த வருஷம் ஆறாம் மாசம் ரெண்டு தடவை வந்தது. ரெண்டாவது ஆறாம் மாசம் போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சு போச்சு. ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் குடுத்துட்டு வந்தாச்சு."

"இந்தப் பொண்ணு அஞ்சு நாள் லேட். தபால்ல அனுப்பினாளோ என்னமோ."

"லேட்டானா விட்டுருவாங்களே தவிர, ஆவிங்க தெருத் தெருவா அலையிற மாசத்துல வாசல்ல சோறு வச்சு 'அப்பா நல்லா இரு'ன்னு எந்தப் பொண்ணு எழுதுவா? அது வாழ்த்து இல்ல, சாபம்." லியாவ் எழுந்தாள். "ஓங் ஐயா, நாலு மணிக்குள்ள உங்க வீட்டுக்கு வர்றேன். சட்டி என்கிட்ட இருக்கட்டும்."

ஓங் படியிறங்கப் போனவர், திரும்பி வந்தார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணு கிடைச்சா முதல்ல எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. கியோக்குக்குத் தெரிய வேண்டாம். அப்புறம்... அவளுக்கு வயசு என்னன்னு மட்டும் கேட்டுருங்க. முப்பத்தஞ்சுக்கு மேலயா, கீழயான்னு."

"மதியம் ஒரு மணியாச்சு. ஏதாவது சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டாள் லியாவ், சம்பந்தமே இல்லாமல்.

"பசியே இல்லம்மா," என்றவர் வயிற்றைத் தடவிக்கொண்டே போனார்.

ஆள் தலை மறைந்ததும் பெக்-ஹாய் கையைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சுது அக்கா! கிழவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஜோடி இருந்திருக்கு. முப்பத்தஞ்சுக்கு மேலன்னா மன்னிப்பு, கீழன்னா செருப்படி. அதான் வயசைக் கேக்கறார்."

"அப்போ அவருக்கே தெரிஞ்சிருக்குமே, நம்மகிட்ட எதுக்குக் கேக்கணும்? வண்டியை எடு."

* * *

கோயில் பின்சந்தில் நாள் பார்த்துச் சொல்பவள் பான். கல்யாணம், கடை திறப்பு, கட்டில் மாற்றிப் போடுவது, எல்லாவற்றுக்கும் அவள்தான். ஒரு கையில் பஞ்சாங்கம், இன்னொரு கையில் வறுத்த வேர்க்கடலை. லியாவுக்குப் பள்ளித் தோழி. அதனால் மரியாதை எல்லாம் கிடையாது.

"ஏழாம் மாசத்துல கல்யாண நாள் கேக்கறதா இருந்தா அப்படியே திரும்பிப் போ," என்றாள் பான். "உனக்கு எந்த மாசத்துலயும் நடக்காது, அது வேற விஷயம்."

"உன் ஜோசியத்துல பலிச்சது அது ஒண்ணுதான். இதைச் சொல்லு. இந்த வருஷம் கூடுதல் மாசம் ஏன் ஆறாவதுக்கு வந்தது?"

"ஏன்னா அதுக்குச் சொந்த நம்பர் கிடைக்கல."

பெக்-ஹாய் குறுக்கே புகுந்தான். "கொஞ்சம் என் லெவலுக்கு இறங்கி வாங்க. நான் காலண்டர்ல சிவப்பு எழுத்து மட்டும்தான் படிப்பேன்."

பான் கடலையை அவன் பக்கம் தள்ளினாள். "சந்திரன் பன்னிரண்டு தடவை வளர்ந்து தேய முந்நூத்தி அம்பத்தி நாலு நாள் ஆகுது. சூரியனுக்கு ஒரு சுத்து முந்நூத்தி அறுபத்தஞ்சு. வருஷத்துக்குப் பதினொரு நாள் துண்டு விழுது. அப்படியே விட்டா நம்ம புதுவருஷம் மெல்ல நகர்ந்து நடுக்கோடையில வந்து நிக்கும்."

"பட்டாசுக்கு நெருப்புச் செலவு மிச்சம்."

"வாயை மூடிட்டுக் கேளு. அதனால ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாசத்தைக் கூடச் சேர்க்கிறோம். எங்கே சேர்க்கிறதுன்னு சூரியன்தான் சொல்லணும். வருஷத்துல அவருக்குப் பன்னிரண்டு நிறுத்தம். எந்த மாசத்துல எந்த நிறுத்தம் விழுதோ, அதை வச்சுத்தான் அந்த மாசத்துக்கு நம்பர். சந்திர மாசம் கொஞ்சம் குட்டை. எப்பவாவது ஒரு மாசம் ரெண்டு நிறுத்தத்துக்கு நடுவுல மாட்டிக்கும். அதுல நிறுத்தமே இருக்காது."

"புரிஞ்சுபோச்சு! ஸ்டாப்பே இல்லாத ரூட்டு. புது டிக்கெட் கிழிக்க முடியாது, பழைய டிக்கெட்டையே காட்ட வேண்டியதுதான்."

பான் முதல் தடவையாக அவனை மதித்துப் பார்த்தாள். "அதேதான். அதனால முந்தின மாசத்து நம்பரையே ரெண்டாவது தடவை போட்டுக்குது. இந்த வருஷம் ஆறாம் மாசத்துக்கு அப்படி ஆச்சு."

"சரி," என்றாள் லியாவ். பாதி மூடிய கண்கள் இன்னும் கொஞ்சம் மூடின. "யாருக்காவது இன்னிக்கும் கூடுதல் மாசமா இருக்க முடியுமா? ஏழாவது ரெண்டு தடவை?"

"முட்டாள்தனம். ஊர் உலகத்துக்கு எல்லாம் ஒரே..." பான் நிறுத்தினாள். கடலைக் கையைத் துடைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். விரல் ஒரு வரியில் நின்றது. "இரு, இரு. வெயில் அடங்கும் நாள்னு ஒரு நிறுத்தம். இந்த வருஷம் அது ஏழாம் மாசம் முதல் தேதியில விழுது. அதுவும் எப்போ தெரியுமா? நள்ளிரவு தாண்டிச் சில நிமிஷத்துல! சும்மா வாசப்படியில கால் வச்ச மாதிரி."

"ஒரு மணி நேரம் முன்னாடி விழுந்திருந்தா?"

"முந்தின நாள் கணக்கு. நாம கூடுதல்னு சொன்ன மாசத்துக்கே கடைசி நாள்ல ஒரு நிறுத்தம் கிடைச்சிருக்கும். அது சமர்த்தா ஏழாம் மாசம் ஆகியிருக்கும். அப்போ அடுத்த மாசம்தான் நிறுத்தம் இல்லாம நிக்கும்." பான் வாயைப் பிளந்தாள். "அதாவது இந்த மாசம். அடிப்பாவி, உனக்கு எப்படித் தோணிச்சு?"

"ஒரு பொண்ணு அப்பாவைச் சபிக்க மாட்டாள்னு தோணிச்சு. அவளைப் பொறுத்தவரை மாசம் சரியாத்தான் இருக்கு. அவ பஞ்சாங்கம் வேற. நம்மளைவிட ஒரு மணி நேரம் பின்னால ஓடுற கடிகாரத்தை வச்சுப் போட்ட பஞ்சாங்கம். சந்திரனைப் பார்த்துப் புதுவருஷம் கொண்டாடுற ஊரா இருக்கணும், நம்ம ஊருக்கு மேற்கால இருக்கணும்."

"வியட்நாம்," என்றாள் பான்.

பெக்-ஹாய் கையைத் தூக்கினான், வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்பவன் போல. "அக்கா, இப்பவாவது சாட்சியத்தைக் கொஞ்சம் ருசி பார்க்கலாமா? ஆறிப்போகுது."

லியாவ் தலையசைத்தாள். அவன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். மென்றான். மெல்வதை நிறுத்தினான்.

"அக்கா! இது இளநீர்ல வேகவச்ச கறி! இந்த ஊர்ல இளநீர்ல கறி வேகவைக்கிற ஆள் ஒருத்திதான் எனக்குத் தெரியும். ரயில்வே கேட் பக்கத்துல தள்ளுவண்டி. புதன்கிழமை தவறாம நான் அங்கேதான் சாப்பிடறேன்."

"இதை அப்பவே தின்னிருக்கலாமே நீ."

"நீங்கதான் கையைத் தட்டி விட்டீங்க!"

* * *

மணி மூன்று. ரயில்வே கேட் மூடியிருந்தது. தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒற்றை அறை. கீரை நறுக்கிக்கொண்டிருந்தவள் பெயர் மீ-லியென். வயது இருபத்தைந்து. சுவரில் நாள் கிழிக்கும் காலண்டர். லியாவ் நேராக அதனிடம் போனாள். பெரிய எழுத்தில் 28. கீழே பொடியாக வியட்நாம் எழுத்து.

"இதுல என்னம்மா போட்டிருக்கு?"

"கூடுதல் ஏழாம் மாசம், அஞ்சாம் தேதி," என்றாள் மீ-லியென். "சைகோன்ல சித்தப்பா இருக்கார். வருஷா வருஷம் ஹாங்காங் வழியா அனுப்புவார். ஏன் கேக்கறீங்க?"

லியாவ் சட்டியை மேசைமேல் வைத்தாள்.

அந்தப் பெண்ணின் கையிலிருந்த கத்தி கீரையிலேயே நின்றுவிட்டது. "அவங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். பெக்-ஹாய் கைவசம் எப்போதும் நாலு ஜோக் இருக்கும். இப்போது அவன் ஒரு முக்காலியைத்தான் அவள் பக்கம் நகர்த்தினான்.

"பிடிச்சது பிடிக்கலைங்கறது அப்புறம்," என்றாள் லியாவ் மெதுவாக. "அவர் உனக்கு எந்த வகையில அப்பா?"

"மாமனார். சி-பின்னோட அப்பா." அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். கப்பல் தொப்பியோடு ஓங்கின் பெரிய பிள்ளை, பக்கத்தில் இவள், இரண்டு பக்கமும் சாட்சிகள். "போன வருஷக் கடைசியில பண்ணிக்கிட்டோம். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி வீட்ல சொல்லிட்டேன்னார். அம்மா கோபமா இருக்காங்க, ஆறட்டும், நான் வந்ததும் கூட்டிட்டுப் போறேன்னார். எட்டு மாசமாச்சு."

"சொல்லியிருக்க மாட்டான்," என்றான் பெக்-ஹாய். "சுறாவுக்குப் பயப்படாதவன் எல்லாம் அம்மாவுக்குப் பயப்படுவான்."

மீ-லியென் சிரிக்கவில்லை. "கூடுதல் மாசம் வந்துச்சு. அப்பா அம்மாவுக்குக் குடுக்கணும். வியட்நாம்லேருந்து தப்பி வந்தப்ப எங்க அப்பா அம்மா படகுலயே போயிட்டாங்க. எனக்குக் குடுக்கறதுக்கு வேற யாரு இருக்காங்க? முகத்தைக் காட்ட பயமா இருந்துச்சு. வச்சுட்டு வந்துட்டேன். சைக்கிள்ல ஒரு தடவைக்கு ஒரு சட்டிதான் கொண்டு போக முடிஞ்சுது. அதான் ரெண்டு நடை."

"ரெண்டு நடையா?" பெக்-ஹாய் நிமிர்ந்தான்.

"நல்லது எதையும் ஒத்தையில குடுக்க மாட்டாங்க," என்றாள் லியாவ். அவள் குரலில் ஆச்சரியமே இல்லை. "ஒரு கால், ஒரு முட்டை, ஒரு சுருள். சட்டியைத் திறந்ததுமே உறுத்துச்சு. இதுக்கு ஜோடி எங்கேயோ இருக்கணும். முதல் நடையில எதை வச்சே?"

"அம்மாவோடதை. அஞ்சரை மணிக்கு. திரும்பி வந்து ஆறேகாலுக்கு அப்பாவோடதை வச்சேன். அப்போ முதல் சட்டி அங்கே இல்ல. எடுத்துக்கிட்டாங்கன்னு சந்தோஷமா வந்தேன்."

லியாவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அடுப்பை அணை. எங்களோட கிளம்பு."

* * *

மூன்று நாற்பது. ஓங் வீட்டு வாசலில் பெட்டி. பெட்டிமேல் கியோக் அம்மாள். சின்ன உருவம்தான். ஆனால் அந்தத் தெருவில் நாய்கூட அவளுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் நடக்குமாம். உள்ளே நாற்காலியில் ஓங், தூக்குத் தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல. மீ-லியெனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தாள் லியாவ்.

"உங்க புருஷனுக்கு மகள் இல்லம்மா," என்றாள் லியாவ். "மருமகள் இருக்கா. உங்க பெரிய பிள்ளை போன வருஷமே கல்யாணம் பண்ணிக்கிட்டான். அவ ஊர்ப் பஞ்சாங்கத்துல இதுதான் கூடுதல் மாசம். சட்டி அவ வச்சது."

கியோக் அம்மாள் மூச்சே விடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு விட்டாள் பாருங்கள்! "அந்தக் களவாணிப் பய கப்பலை விட்டு இறங்கட்டும், திரும்ப நடுக்கடல்ல கொண்டு போய் நானே போட்டுட்டு வர்றேன்! பெத்தவகிட்ட சொல்லாமலா?" என்று ஆரம்பித்து, மூன்று தலைமுறை ஓங் குடும்பத்தையும் இழுத்துப்போட்டு அலசிவிட்டு, சட்டென்று புருஷன் பக்கம் திரும்பினாள். "சரி, உன்மேல தப்பு இல்ல. அப்புறம் ஏன்யா காலையிலேருந்து திருட்டு முழி முழிக்கிறே? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?"

ஓங் சட்டைப் பையை ஒரு கையால் அழுத்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு வயசு இருபத்தஞ்சு, ஐயா," என்றாள் லியாவ். "நீங்க பயந்த மாதிரி எதுவும் இல்ல. காலையில நீங்க எடுத்த முதல் சட்டியோட தாளைக் குடுத்துடலாம்."

ஓங் அந்தப் பைக்குள் கையை விட்டு, எட்டாக மடித்த சிவப்புத் தாளை எடுத்தார். கியோக் அம்மாள் பிடுங்கிப் படித்தாள். அம்மாவுக்கு நீண்ட ஆயுள். இப்படிக்கு, மகள்.

"அஞ்சரை மணிக்கு மீன் வாங்கக் கிளம்பினேன்," என்றார் ஓங். "வாசல்ல இது இருந்துச்சு. நமக்குத்தான் பொண்ணு இல்லையே. அப்போ... உனக்கு, நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி... யாராவது இருந்திருக்கலாமோன்னு நினைச்சேன். பக்கத்து வீட்ல பார்த்தா உன்னைப் பத்தி என்ன பேசுவாங்க? சட்டியை ஒளிக்க இடம் கிடைக்கல. எல்லாத்தையும் தின்னுட்டேன். சட்டியைக் கால்வாய்ல போட்டுட்டேன். திரும்பி வந்தா நீ இன்னொரு சட்டியோட நிக்கறே."

"என்மேல சந்தேகப்பட்டியா!"

"பட்டேன்."

"அப்போ நான் கத்தும்போது இந்தத் தாளைத் தூக்கி என் மூஞ்சியில வீசியிருக்கலாமே?"

"வீசினா உனக்குத்தானே அசிங்கம். என்னை நீ என்ன திட்டினாலும் பரவாயில்லைன்னு விட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

ஓங் லியாவைக் காட்டினார். "தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்து, உன் முன்னாடி நிறுத்தியிருப்பேன். அதுக்குத்தானே இவங்ககிட்ட ஓடினேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள். கியோக் அம்மாள் அந்தத் தாளை மறுபடி மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. பெக்-ஹாய் மரியாதையாகக் கூரையைப் பார்த்தான். இந்த மனுஷனைப் போய்ச் செருப்படி அது இதென்று பேசினோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"பாவி மனுஷா," என்றாள் கியோக் அம்மாள் கடைசியில். "என் ஆயுசை முழுசாத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கியே."

"முட்டையை மட்டும் வச்சிருக்கேன்," என்றார் ஓங் தயங்கி.

அவள் மூக்கை உறிஞ்சினாள். எழுந்து, பெட்டியைக் காலால் வீட்டுக்குள் தள்ளினாள். "ஏம்மா லியாவ், அந்தப் பொண்ணு பஞ்சாங்கத்துல கூடுதல் மாசம் எப்போ முடியுது?"

"செப்டம்பர் இருபத்திரண்டு வரைக்கும் இருக்கு."

"அப்போ இந்த வீட்ல அவ கணக்கே நடக்கட்டும்." கியோக் அம்மாள் முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தாள். அங்கே ஒரு பெண் வெயிலில் நின்றபடி விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அதோ நிக்கறாளே, அவதானே? எவ்வளவு நேரம்யா என் மருமகளை ரோட்டுல நிக்க வச்சிருப்பீங்க? போய் வாசல் வழியா உள்ள வரச் சொல்லுங்க!"